பழைய ஸூப் நோவோ டைவ் கம்ப்யூட்டர்: கட்டிக்கொண்டு இறங்கும் முன் என்ன தெரியணும்?

கடல்குருவி:
ஓப்பன் வாட்டர் (ஸ்கூபா டைவிங்கின் அடிப்படைப் பயிற்சி) முடித்தாச்சு. செகண்ட் ஹேண்டில் சூன்ட்டோ ஸூப் நோவோ (ஆழமும் நேரமும் பார்த்து இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று காட்டும், கையில் கட்டும் கம்ப்யூட்டர்) ஒன்று வாங்கியிருக்கேன். அடுத்த மாதம் அந்தமானில் ஹேவ்லாக் தீவு. மூன்று நாள், தினம் 2 டைவ், 18 மீட்டருக்குள். திரையில் 50 நிமிடம் என்று வந்தால் 50 நிமிடமும் கீழே இருக்கலாமா? கூட்டிப்போகும் டைவ் மாஸ்டரிடமும் ஒன்று இருக்குமே, எனக்குத் தனியாக வேணுமா?

ஆழி72:
வேணும். அவர் கையில் இருப்பது அவர் போன ஆழத்தையும் அவர் காலையில் போட்ட டைவையும் வைத்துக் கணக்குப் போடுது. நீங்க அவரைவிட 3 மீட்டர் கீழே இருந்தால் உங்க நைட்ரஜன் கணக்கு (சுவாசிக்கும் காற்றில் இருந்து உடம்பில் சேரும் நைட்ரஜன்) வேறே. முதல் டைவில் கட்டியதையே கடைசி டைவ் வரை கட்டணும். நடுவில் நண்பருக்குக் கொடுத்தால் இரண்டு பேர் கணக்கும் கெட்டுப்போகும்.

50 நிமிடம் என்பது டெகோ (நைட்ரஜன் வெளியேற, ஏறும் வழியில் கட்டாயம் நிற்பது) இல்லாமல் மேலே வர, கீழே இருக்கக்கூடிய நேரம். சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று ஸூப் நோவோவுக்குத் தெரியாது. 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர், 200 பாரில் 50 பார் ரிசர்வ் போக 150 பார்: 1,665 லிட்டர். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 56 லிட்டர் இழுப்பார். அரை மணி நேரம்கூட வராது. முதல் டைவில் பெரும்பாலும் காற்றுதான் முதலில் தீரும். இரண்டாவது டைவில் திரை நேரம் குறைந்துதான் தொடங்கும். அதனால் இறங்கும் முன் பிளான் மோடில் ஆழத்துக்கு ஆழம் நேரம் பார்த்து ஸ்லேட்டில் (தண்ணிக்குள் கொண்டுபோகும் எழுது பலகை) எழுதிக்கோங்க.

பாறைமீன்:
பழையது என்பதால் முதல் வேலை பேட்டரி. சிஆர்2430 போட்டு, ஓ-ரிங்கில் (தண்ணி புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) முடி, மணல் ஒட்டியிருக்கா என்று பாருங்க. இதை ஊரிலேயே முடிச்சிடுங்க. டைவ் நாட்களுக்கு நடுவில் பேட்டரி மாற்றினால் உடம்பில் தங்கிய நைட்ரஜன் கணக்கு அழிஞ்சு போகலாம்; அப்புறம் அது உங்களைப் புது ஆள் என்றே நினைக்கும்.

அடுத்து நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) செட்டிங். முந்தைய ஆள் 32 சதவீதத்தில் விட்டிருந்து, நீங்க சாதாரணக் காற்றோடு இறங்கினால், உண்மையில் இல்லாத நேரத்தைக் காட்டும். ஆபத்தான தப்பு இதுதான். தலைகீழாக, 32 சுவாசித்துக்கொண்டு காற்று செட்டிங்கில் இருந்தால் நேரம் குறைவாகக் காட்டும், அது பரவாயில்லை; ஆனா 1.4 பார் ஆக்சிஜன் எல்லையான 33 மீட்டரைத் தாண்டினாலும் எச்சரிக்காது. பர்சனல் செட்டிங்கை பி1-இல் (கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையாகக் கணக்குப் போடும் நிலை) வையுங்க.

கடல்குருவி:
நன்றி. மேலே ஏறும்போது என்ன பார்க்கணும்? கடைசி நாள் மதியம் போர்ட் பிளேயரில் இருந்து சென்னை விமானம்.

ஆழி72:
ஏறும் வேகம் நிமிடத்துக்கு 10 மீட்டருக்கு மேல் போனால் கத்தும். 18-இல் இருந்து 5 மீட்டருக்கு வர 80 நொடியாவது ஆகணும். கத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் பிசிடி ஜாக்கெட்டில் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) விரியும் காற்றுதான். வேகம் பிடித்த பிறகு அந்தக் காற்றைத் திறந்துவிட்டால் தாமதம், ஏறத் தொடங்கியதுமே கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. கம்ப்யூட்டரை இடது கையில் கட்டினால் இன்ஃப்ளேட்டரை (ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி இறக்கும் குழாய்) தூக்கும்போதே திரை கண்ணுக்கு நேரே வரும். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்க, அப்புறம் மிச்சத்தை இன்னும் மெதுவா.

'சீலிங்' என்று ஒரு ஆழம் வந்தால் டெகோவில் விழுந்துட்டீங்க. அந்த ஆழத்துக்கு மேலே போகாதீங்க, அது மறையும் வரை காத்திருங்க. 3 நிமிடத்துக்கு மேல் மீறினால் எர் (எரர்) மோடுக்குப் போய் 48 மணி நேரம் பூட்டிக்கும். ரீசெட் வழி தேடாதீங்க. அந்த 48 மணி நேரம் நீங்களும் தண்ணிக்குள் போகக்கூடாது.

பல நாள் டைவுக்குப் பிறகு விமானத்துக்கு 18 மணி நேரம் இடைவெளி. விமானம் ஏறக் காத்திருக்கும் நேரம் என்று திரையில் 12 வந்தாலும் 18 எடுங்க. முந்தின நாள் மாலை 4 மணிக்குள் மேலே வந்தால் மறுநாள் காலை 10-க்கு மேல் ஏறலாம்.

கோணேசர்_கரை:
விமானம் மட்டும் இல்லை. திருகோணமலையில டைவ் பண்ணிப்போட்டு அண்டைக்கே நுவரெலியாவுக்கு வாகனத்தில ஏறுற ஆக்கள் இருக்கினம். அது 1,868 மீட்டர். மலைப்பாதைக்கும் அதே இடைவெளி விடுங்கோ. இன்னொன்று: டைவ் முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவித் துடையுங்கோ. தண்ணி உணரும் முள்ளில உப்பு ஈரம் நிண்டால் கம்ப்யூட்டர் விழிச்சபடியே கிடந்து பேட்டரி குடிச்சுப்போடும்.