குடியுரிமைப் பரீட்சை: எந்தக் கேள்வி இன்னும் உறுத்துது?

வீரவநல்லூரான்:
கனடா குடியுரிமைப் பரீட்சைப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். திண்ணையில உக்காந்து ஆச்சி முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா.

"ஏல, அங்க எம்புட்டு சனம்?"
"4 கோடி ஆச்சி. தமிழ்நாட்டுல 2011 கணக்குக்கே 7 கோடியே 21 லட்சம்."
"அப்பம் சின்ன ஊருதான்."
"இல்ல ஆச்சி, பரப்புல இந்தியாவப் போல மூணு மடங்கு."

கீரை உருவுன கை அப்படியே நின்னுட்டு. நான் சும்மா இல்லாம கனடாவோட வடக்குப் பிரதேசம் நுனாவுட் கதையையும் எடுத்தேன். இந்தியாவுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு பரப்பு, 2021 கணக்குல சனம் 37 ஆயிரத்துக்கும் கீழ.

"ரதவீதியில இன்னைக்கு இதவிடக் கூட்டம் நிக்கும்ல. அதுக்கு ஒரு தனிப் பிரதேசமா?"

பரீட்சையில 20 கேள்வி, 15 சரியா இருந்தாப் பாஸ். நடுவுல வந்து நிக்கி, நுனாவுட் பிரிஞ்ச வருஷம். 1999. கம்ப்யூட்டர் கேமரா என்னையவே பாத்துக்கிட்டு இருக்கு, நான் தனியாச் சிரிக்கேன். பாஸ் பண்ணிட்டேன். ஆனா அந்தச் சிரிப்ப யாரு பாத்தாவளோன்னு இப்பவும் கூச்சமா இருக்கு.

அம்பை மைனி:
எனக்கு வந்தது பிரிட்டிஷ் கொலம்பியா தலைநகரம். வான்கூவர்னு தட்டிட்டேன். அந்த மாகாணத்துலதான் 6 வருஷமா குடியிருக்கேன்! படகுல போயி தலைநகரம் விக்டோரியாவ சுத்திப் பாத்து, சட்டசபை வாசல்ல நின்னு போட்டோ எடுத்தவ நான். போதாக்குறைக்கு விக்டோரியா இருக்கிற தீவுக்குப் பேரு வான்கூவர் தீவு. யாரு வச்ச பேரோ! என் வீட்டுக்காரரு 20க்கு 20. இப்பம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "விக்டோரியா மகாராணி வந்தாச்சு"ங்காவ.

திசையன்விளை அண்ணாச்சி:
தம்பி ஆச்சிகிட்ட 4 கோடின்னது சரிதான். ஆனா பரீட்சைக்குப் படிக்கவன் அத நம்பிப் போகப்பிடாது. 4 கோடியத் தாண்டுனது 2023 ஜூன்ல. நான் படிச்ச அரசாங்கப் புத்தகத்துல சுமார் 34 மில்லியன்னுதான் போட்டிருந்தது. நான் போன்ல என் தங்கச்சிக்குப் பாடம் எடுத்தேன். அவ 34 கோடின்னு ஒரு வாரம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா! பத்து மில்லியன் ஒரு கோடின்னு முதல்ல சொல்லிக் குடுக்காதது என் தப்பு. என் கதை அம்புட்டுதான்.

மத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். 10 மாகாணம், 3 பிரதேசம்னு பேரா உருப்போடாதீங்க. நம்ம சீமையில அஞ்சு திணையும் இருக்குன்னு பெருமை பேசுதோம்லா, அங்கயும் வட்டாரம் அஞ்சு. அட்லாண்டிக் நாலு மாகாணம் நமக்கு உவரி, கூடுதாழை மாதிரி, மீன்பாடு. கோதுமை விளையுற மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மூணும் தாமிரபரணிப் பாசனம்னு வச்சுக்கிடுங்க (ஆறு மட்டும் வேற). மலையும் மழையும் மேற்குக் கடற்கரை, அது பாபநாசம். ஒண்டாரியோ, கியூபெக் ரெண்டும் நடு, சனம் பாதிக்கு மேல அங்கதான். வடக்கு மூணு பிரதேசமும் நம்ம செம்மணல் தேரி மாதிரி ஆளரவமில்லாத எடம். பெறவு தலைநகரம். பெரிய ஊருதான் தலைநகரம்னு நினைச்சாத் தோத்தீங்க. ஆல்பர்ட்டாவுக்கு எட்மன்டன், கால்கரி இல்ல. நாட்டுக்கே ஒட்டாவா, டொராண்டோ இல்ல. 1857ல விக்டோரியா ராணி தேர்ந்தெடுத்தது. ஆனா ஒண்டாரியோவுக்குன்னு கேட்டா டொராண்டோதான், அங்க மாட்டிக்கிடாதீங்க.

அம்பை மைனி:
அண்ணாச்சி, உங்ககிட்ட யாரு பாடம் கேட்டா? அதுவும் பனிய தேரின்னு சொல்லுதீங்க. தேரியில செருப்பில்லாம நின்னு பாத்திருக்கீங்களா?

திசையன்விளை அண்ணாச்சி:
நான் பொறந்ததே தேரிப் பக்கந்தான் தாயி. ஆள் இல்லாததத்தான் சொன்னேன், சூட்டச் சொல்லல.

வீரவநல்லூரான்:
சண்டைய விடுங்க. நேத்து ஆச்சிகிட்ட போன் பேசினேன். குடியுரிமை கிடைச்சிட்டுன்னு சொன்னா, "அது கிடக்கட்டும், அந்த நுனாவுட்டுக்கு யாராச்சும் குடி போனாவளா?"ன்னு கேக்கா.