எஸ்பிஎம் முடியுமுன்னே தனியார் கல்லூரிக்குப் பணம் கட்டலாமா?

சிப்புட் பெரியப்பா:
வணக்கம். தம்பி மகளுக்காகக் கேக்கறேன். மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு. தம்பி செம்பனைக் குலை வெட்டுறான், அவன் சம்சாரம் கையுறை ஃபேக்டரியில. பிள்ளை ஐந்தாம் படிவம், எஸ்பிஎம் அரசாங்கச் சோதனை எழுதணும். போன சனிக்கிழமை ஒரு தனியார் கல்லூரி ஆள் லயத்து வீட்டுக்கே வந்துட்டான். கணக்கியல் டிப்ளோமா, இப்பவே 500 வெள்ளி (ரிங்கிட்) கட்டினா இடம் உறுதி, லேப்டாப் இலவசம், மிச்சத்தை பிடிபிடிஎன்னு அரசாங்கப் படிப்புக் கடன் பாத்துக்கும்ங்கிறான். பள்ளியில மாதிரிச் சோதனை கூட இன்னும் நடக்கல. என் கருத்து: கட்டிடலாம். ஆறாம் படிவம்னு எஸ்டிபிஎம் சோதனைக்குப் போய், ஒன்றரை வருஷம் கழிச்சு வெறுங்கையோட நின்ன பிள்ளைங்களை இந்த ஊர்ல நிறைய பாத்தாச்சு. மறுத்துப் பேசறவங்க காரணத்தோட பேசுங்க.

கணக்கு டீச்சர்:
ஐயா, கட்டாதீங்க. டிப்ளோமாவில் சேரத் தகுதி இருக்கிறதா இல்லையா என்பதை எஸ்பிஎம் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி பெற்ற பாடங்கள்தான் முடிவு செய்யும். அந்த முடிவு வராமல் யாராலும் இடத்தை உறுதி செய்ய முடியாது. அவர்கள் தருவது நிபந்தனையோடு ஓர் இடம். வாங்கும் 500 வெள்ளிக்கு மட்டும் நிபந்தனை கிடையாது, திரும்பி வராது.

ஆறாம் படிவத்தைப் பற்றி நீங்கள் சொல்வது பழைய கதை. ஒரே மூச்சில் எல்லாத் தாளையும் எழுதும் முறை 2012-லேயே போய்விட்டது. இப்போது மூன்று பருவம். ஒரு பருவத்தில் சறுக்கினால் அந்தத் தாளை மறுபடி எழுதலாம். அரசுப் பள்ளி, ஆகவே செலவு என்றால் பஸ்ஸும் சாப்பாடும்தான். முடித்தால் யூபியூ என்ற பொது விண்ணப்ப முறை வழியாக அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

பாயான் லெப்பாஸ்:
டீச்சர் பாதியத்தான் சொல்றாங்க. நான் எஸ்பிஎம்ல எடுத்தது அஞ்சே கிரெடிட். ஆறாம் படிவம் போயிருந்தா முதல் பருவத்துலயே ஓடி வந்திருப்பேன். தனியார் கல்லூரியில டிப்ளோமா முடிச்சு, டிகிரிக்கு நேரா ரெண்டாம் வருஷத்துல சேந்தேன். இப்போ பினாங்குல ஒரு ஃபேக்டரியில கணக்குப் பிரிவு. கடன் இருக்கு, மாசாமாசம் கட்டுறேன். அதுல என்ன கௌரவக் குறைச்சல்?

எஸ்டிபிஎம் சர்டிபிகேட்டை மட்டும் நீட்டினா எந்த முதலாளி வேலை தருவான்? டிப்ளோமான்னா அதோட நின்னாலும் அது ஒரு படிப்பு. அதோட முதல் வகுப்பு வாங்கினா பிடிபிடிஎன் கடனே தள்ளுபடி.

கணக்கு டீச்சர்:
கடைசி வரியை மட்டும் திருத்துகிறேன். முதல் வகுப்புத் தள்ளுபடி டிகிரிக்கு. டிப்ளோமாவுக்குக் கிடையாது. லயம் லயமாக வரும் ஆட்கள் இந்த ரெண்டையும் குழப்பித்தான் தாய் தகப்பனிடம் கையெழுத்து வாங்குகிறார்கள்.

லோன் கட்டுறவ:
நானும் தோட்டத்துப் பிள்ளைதான். எங்க வீட்டுக்கும் இப்படித்தான் ஓர் அக்கா வந்தாங்க, அம்மா காப்பி கலக்கிக் கொடுத்தாங்க, அப்பா அங்கயே கையெழுத்துப் போட்டார். ஹோட்டல் நிர்வாகம். ரெண்டாவது வருஷம் எங்க கிளையை மூடிட்டு, வேற ஊர்க் கிளைக்குப் போங்கன்னு ஒரு கடிதம். அங்க வாடகை, சாப்பாடு எல்லாம் தனி. பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிட்டாங்க. நான் எப்படியோ முடிச்சேன். இப்போ கிளினிக்ல மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், படிச்சதுக்கும் பாக்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்ல. இலவச லேப்டாப் மூணாம் பருவத்தோட படுத்துடுச்சு. கடன் படுக்கல.

பாயான் அண்ணனுக்கு அமைஞ்சது, சந்தோஷம். எல்லாருக்கும் அப்படி அமையும்னு சொல்லாதீங்க.

பாயான் லெப்பாஸ்:
தங்கச்சி, உங்க கல்லூரி மோசம்னா அது அந்தக் கல்லூரியோட தப்பு. அதுக்காக எல்லா டிப்ளோமாவும் மோசமா?

வயர்மேன்:
ரெண்டு பேரும் சண்டை போடறது ஒரே கடைக்குள்ள நின்னுக்கிட்டு. டிப்ளோமாவா, ஆறாம் படிவமா, இதை விட்டா வேற பேச்சே இல்லியா?

நான் எஸ்பிஎம்ல சுமார். அரசாங்கப் பயிற்சி நிலையத்துல எஸ்கேஎம் தொழில்திறன் சர்டிபிகேட் முடிச்சேன், அப்புறம் எரிசக்தி ஆணையத்தோட சோதனை எழுதி ஒற்றை ஃபேஸ் வயரிங் லைசென்ஸ், அதுக்குமேல மூணு ஃபேஸ். புது வீட்டுக்குக் கரண்ட் வேணும்னா ஜி பாரமும் எச் பாரமும் வேணும், வயரிங் முடிஞ்சதுக்கும் டெஸ்ட் பண்ணினதுக்கும். அதுல லைசென்ஸ் உள்ள ஆள் கையெழுத்துப் போடாம மீட்டர் வராது. டிகிரி படிச்ச எத்தனையோ பேர் என் கையெழுத்துக்காக எங்க வீட்டு வாசல்ல காத்திருந்திருக்காங்க. (பெருமைக்குச் சொல்லல. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.)

நம்மளச் சுத்தி இருக்கிறது செம்பனை ஆலைங்க. பாய்லர் ஓட்ட ஸ்டீம் சர்டிபிகேட் வெச்ச ஆள் இருக்கணும்னு சட்டமே இருக்கு. மின்சாரத்துக்கு சார்ஜ்மேன்னு லைசென்ஸ் உள்ள ஆள் வேணும். அப்பா அந்த ஆலைக்குக் குலை வெட்டி அனுப்புறார், பிள்ளைக்கு அந்த ஆலைக்குள்ள என்னென்ன வேலை இருக்குன்னு யாராச்சும் ஒரு நாள் காட்டியிருப்பாங்களா?

சிப்புட் பெரியப்பா:
தம்பி, பொம்பளப் பிள்ளையை பாய்லர்கிட்ட நிக்கச் சொல்றீங்களா?

வயர்மேன்:
அண்ணே, அவங்க அம்மா கையுறை ஃபேக்டரியில பன்னீரிலயா நிக்கிறாங்க?

ஜூரோங்:
எதுக்குப்பா இவ்வளவு? எஸ்பிஎம் முடிச்சதும் சிங்கப்பூர் வாங்க. இங்க ஒரு வெள்ளி அங்க மூணு வெள்ளிக்கு மேல. நான் அப்படித்தான் வந்தேன்.

லோன் கட்டுறவ:
வந்து எந்த வேலையில சேந்தீங்க, இப்போ எந்த வேலையில இருக்கீங்க, அதையும் சேத்துச் சொல்லுங்கண்ணே.

ஜூரோங்:
அதே வேலைதான். ஆனா வீடு கட்டியாச்சு.

ஐந்தாம் படிவம்:
வணக்கம். பெரியப்பா, நீங்க கேட்டது என்னைப் பத்தின்னு தெரிஞ்சுடுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. கணக்கியல்ல எனக்கு மார்க் வருது, அவ்வளவுதான். எனக்குத் தமிழ்ப்பள்ளி டீச்சரா வரணும். அந்தக் கல்லூரி அண்ணன்கிட்டயும் கேட்டேன், அது எங்ககிட்ட இல்லன்னு சொல்லி மறுபடி கணக்கியல் புத்தகத்தையே காட்டினார்.

டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம். கொக்குரிக்குலம் (புறப்பாட) மார்க் ரொம்ப முக்கியமா? நான் ரெட் கிரசண்ட்ல இருக்கேன், ஆனா புதன்கிழமை மத்தியானம் இருக்க முடியாது. தோட்டத்து வேன் பள்ளி விட்டதும் கிளம்பிடும்.

கணக்கு டீச்சர்:
நல்ல கேள்வி, யாரும் கேட்காத கேள்வி. யூபியூவில் தேர்வு மதிப்பெண் 90 விழுக்காடு, புறப்பாடம் 10 விழுக்காடு. பத்துதானே என்று நினைக்காதே. ஒரே மாதிரி மார்க் எடுத்த இரண்டு பேரில் ஒருவரைத் தள்ளுவது அந்தப் பத்துதான். ஒவ்வொரு வருடமும் இதைப் பார்க்கிறேன். பட்டணத்துப் பிள்ளை புதன்கிழமை சீருடை மாற்றிக்கொண்டு திடலுக்குப் போகிறது, தோட்டத்துப் பிள்ளை புத்தகப் பையோடு வேன் ஜன்னலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே போகிறது. வருகைப் பதிவில் வரிசையாக இல்லை, இல்லை, இல்லை. பிறகு வீட்டில் "கோட்டாதான் காரணம்" என்கிறோம். கோட்டா இல்லாமல் இல்லை, மெட்ரிக்கில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பு) பூமிபுத்ராவுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்பது ஊரறிந்தது. 10 ஏ எடுத்தவர்களுக்கு எந்த இனமானாலும் மெட்ரிக் இடம் என்று 2024-ல் அரசாங்கம் அறிவித்தது. ஆனால் ஒன்பது பாடம் மட்டும் எழுதும் பிள்ளைக்கு அந்த அறிவிப்பால் என்ன பயன்? நம் கையில் இருப்பது இந்தப் பத்து விழுக்காடு. அதை வேன்காரர் நேரத்துக்கு விட்டுக்கொடுக்கிறோம்.

ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு எஸ்பிஎம் முடித்தவர்களையே எடுக்கிறார்கள். படிப்புக்குக் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. ஈப்போ வளாகம் உலு கிந்தாவில், உன் வீட்டிலிருந்து தூரமே இல்லை. ஆனால் எந்த வளாகம் கிடைக்கும், பிறகு எந்த மாநிலத்துப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்பது உன் விருப்பப்படி நடக்காது. போட்டி கடுமை, நேர்முகத் தேர்வு உண்டு. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆனாலும் மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும். உன் மலாய்மொழி எப்படி?

ஐந்தாம் படிவம்:
கட்டுரைதான் பிரச்சினை. வீட்டில் பேச ஆள் இல்லை.

பாயான் லெப்பாஸ்:
நேர்முகத் தேர்வுல விழுந்துட்டா? அப்பவும் ஆறாம் படிவம்தானா? டீச்சர், ஆசை காட்டினா மாற்று வழியையும் காட்டணும்.

கணக்கு டீச்சர்:
காட்டுகிறேன். ஆசிரியர் கழகம், மெட்ரிக், யூபியூ மூன்றும் வேறு வேறு விண்ணப்பம், மூன்றையும் போடலாம். யூபியூ பட்டியலில் ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக் டிப்ளோமாவும் இருக்கும். 1969-ல் தொடங்கிய, நாட்டின் முதல் பாலிடெக்னிக். கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. டிப்ளோமாவே வேண்டும் என்றாலும் கடன் இல்லாத டிப்ளோமா அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஆறாம் படிவம் கடைசிவரை திறந்திருக்கும். இதில் எதற்கும் இன்றைக்கே 500 வெள்ளி தேவையில்லை.

பாயான் லெப்பாஸ்:
பாலிடெக்னிக் சரி, அதை ஒத்துக்கறேன். தனியார்தான் வேணும்னு வந்தா எம்கியூஏங்கிற கல்வி அங்கீகார அமைப்போட பதிவேட்டுல அந்தப் படிப்போட பேரைத் தேடுங்க. கல்லூரிப் பேரைத் தேடினாப் பத்தாது, படிப்புப் பேரு இருக்கணும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பிடிபிடிஎன் வராது. ஆறாம் படிவம் எல்லாருக்கும் ஒத்து வரும்ங்கிறதை மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன்.

சிப்புட் பெரியப்பா:
நானும்தான். ஆறாம் படிவம் பத்தி என் கருத்து மாறல, மன்னிச்சுக்குங்க டீச்சர். ஆனா பணம் கட்டல. அந்த ஆள் நேத்து ரெண்டு தடவை போன் அடிச்சான், முடிவு வரட்டும்னு சொன்னேன். அப்போ லேப்டாப் இருக்காதுங்கிறான், இல்லாட்டிப் போகுது. தம்பிகிட்டயும் பேசியாச்சு.

அம்மாடி, புதன்கிழமை வேன்ல ஏறாதே. எத்தனை மணிக்கு முடியும்னு வாட்சப்புல போடு, பெரியப்பா மோட்டர்ல வந்து கூட்டிட்டுப் போறேன். டீச்சர், மலாய்மொழிக் கட்டுரைக்கு சிப்புட்ல நல்ல டியூஷன் யாராச்சும் தெரியுமா? சனிக்கிழமைன்னா நல்லது.

வயர்மேன்:
தெரியும்ண்ணே, தனிச் செய்தி பாருங்க. செம்பனை ஆலை பத்தியும் ஒரு வரி போட்டிருக்கேன், படிங்க.