மறையூர் பால்புதுமையர் (LGBTQ+) கேம்ப் போனவர்கள்: இன்னும் உறுத்துகிற ஒன்றை எழுதுங்கள்

பாம்பாறு:

போன மே மாசக் கேம்ப். போனவர்களுக்கு இடம் தெரியும், அதனால் முனியறை, புல்தைல வாசனை, ராத்திரிக் குளிர் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். இரண்டாம் நாள் பாறையில் கயிறு கட்டி இறங்கினோமே, அது மட்டும்.

எனக்கு ஜோடியாக வந்தவன் ஒரு திருநம்பி. முதல் நாள் ஆற்றில் ஆடிய ஆட்டத்தில் அவனுடைய பைண்டர், மார்பு தட்டையாகத் தெரிய இறுக்கிப் போடுகிற உள்ளாடை, நனைந்துவிட்டது. விடிவதற்கு முன்னால் எழுந்து பார்த்தால், கொடியில் கிடந்ததைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். காயவில்லை. கால் சுளுக்கினால் சுற்றுவோமே க்ரேப் பேண்டேஜ், அதை முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்து நெஞ்சில் சுற்றிக்கொண்டான். முதுகுப் பக்கம் கிளிப் மாட்டிவிட்டது நான். "யார்கிட்டயும் சொல்லாதே" என்றான். சரி என்றேன்.

பதினொரு மணிக்குப் பாறை உச்சியில் இருந்தோம். பார்ட்னர் செக் தெரியும்தானே: இடுப்பு பெல்ட்டை இழுத்துப் பார்க்கணும், தொடைப் பட்டைக்குள் விரல் விட்டுப் பார்க்கணும், கயிறு மாட்டுகிற கொக்கி, அந்தக் காராபினரின் திருகு மூடியிருக்கிறதா, ஹெல்மெட் வார் இறுக்கமா. ஒன்றுவிடாமல் பார்த்தேன். பயிற்சி கொடுத்த சேட்டன் கடைசியாக என்னைத்தான் கேட்டார், "ஆளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" எல்லாம் சரி சேட்டா என்றேன்.

இருபது அடி இறங்கியிருப்பான், நின்றுவிட்டான். மேலிருந்து பார்த்தால் மஞ்சள் ஹெல்மெட் மட்டும் தெரிகிறது, அது அசையவில்லை. கத்தவும் இல்லை. "மூச்சு வரல" என்று அவன் சொன்னது எனக்கும் சேட்டனுக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். நல்லவேளை, இரண்டாவது கயிறு சேட்டன் கையில் இருந்தது. பதறாமல், ஒவ்வொரு முழமாக விட்டுவிட்டுக் கீழே இறக்கினார். கீழே ஒரு அக்கா துப்பட்டாவை விரித்து மறைத்துக்கொள்ள, இன்னொரு அக்கா கத்தரிக்கோலை உள்ளே விட்டு வெட்டினார்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் கஞ்சியும் பயறும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். சேட்டன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் பக்கத்தில் வந்து, அந்த கிளிப் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். முதுகில் அவனே மாட்டியிருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜீப்காரன்:

நான் கேம்ப்புக்கு வந்தவன் இல்லை, வண்டி ஓட்டியவன். இங்கே எழுதலாமா தெரியாது, எழுதுகிறேன்.

மறையூர் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டு இறங்கினவர்களைப் பார்த்து, "பசங்க இந்த வண்டி, பொண்ணுங்க அந்த வண்டி" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரி, அது போகட்டும்.

காந்தல்லூர் ரோட்டில் ஏறும்போது ஒருத்தன் என் போனைக் கேட்டான், அவனுடையதில் சிக்னல் இல்லை. அம்மாவிடம் பேசினான். அப்புறம் போனை என் காதில் வைத்து, "என்.எஸ்.எஸ். கேம்ப்புன்னு மட்டும் சொல்லுங்கண்ணா" என்று கையைக் கூப்பினான். ஒரு கையில் ஸ்டியரிங், கொண்டை ஊசி வளைவு. "ஆமாம்மா, என்.எஸ்.எஸ். கேம்ப்தான்" என்றேன். அந்த அம்மா, "சார், அவனுக்கு இருட்டுன்னா பயம் சார். ராத்திரி ஒரு லைட்டாவது போட்டு வையுங்க" என்றார். ஆகட்டும்மா என்றேன்.

அன்றிலிருந்து நான் அவருக்கு என்.எஸ்.எஸ். சார். ஆடிப்பெருக்கு, பிள்ளையார் சதுர்த்தி, எல்லாவற்றுக்கும் பூப்படம் போட்டு வாழ்த்து வருகிறது. போன வாரம் எழுதியிருக்கிறார்: "அடுத்த கேம்ப் எப்போ சார்? அங்க வந்துட்டுப் போனதுல இருந்து வீட்ல கொஞ்சம் பேசறான்." பதில் போடாமல் வைத்திருக்கிறேன்.

வாளையார்:

என் அனுபவம் சின்னது. செக்போஸ்ட்டில் ரிஜிஸ்டர் எழுதுகிறவர் ஆதாரில் இருக்கிற என் பழைய பெயரை உரக்க வாசித்தார். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவர்களுக்குச் சிலது சொல்லியே ஆக வேண்டும். பாம்பாறு, பைண்டரையே எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது, அதைப் போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது, மலையேற்றம் மாதிரி மூச்சு வாங்குகிற வேலைக்கு ஆகவே ஆகாது. க்ரேப் பேண்டேஜ் அதைவிட மோசம். நெஞ்சு விரிய விடாமல் பிடிக்கும், விலா எலும்பைப் பாதிக்கும். பாறை ஏறுகிற அன்றைக்கு ஸ்போர்ட்ஸ் பிரா, அதன் மேல் தொளதொள சட்டை, அது போதும். கேம்ப் நடத்துகிறவர்கள் பையில் எடுத்து வர வேண்டிய சாமான் பட்டியலிலேயே இதை எழுதி அனுப்ப வேண்டாமா? டார்ச், தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் எழுதத் தெரிகிறது.

ஜீப்காரரே, நீங்கள் பொய் சொல்லியிருக்கக் கூடாது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது, ஒருத்தரை ஒருத்தர் காதலித்து, மதுரையிலிருந்து வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்த இரண்டு பெண்களுடையது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, அப்புறம் தீர்ப்பு எழுதினார். 'குணமாக்குகிறேன்' என்று யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்றதும் அதில்தான். அவரே கற்றுக்கொண்டார் என்றால், அந்த அம்மாவால் முடியாதா? நீங்கள் அவருக்கு அந்த வாய்ப்பே கொடுக்கவில்லை. இன்னொன்று, நம் ஆட்களைக் குறிக்கத் தமிழ்ச் சொற்களையே 2022இல் அரசிதழில் போட்டிருக்கிறார்கள். கேம்ப்பில் எல்லாரும் இன்னும்...

தேங்காய்_பன்:

வாளையார், போதும். ஆதார் பெயரை வாசித்ததை நான்கு வரியில் முடித்துவிட்டு மற்றவர்களுக்கு ஒரு பக்கம் பாடம். அந்த நாலு வரியைத்தான் படிக்க வந்தோம். அப்புறம், அந்த அம்மாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. வண்டி ஓட்டுகிறவர் வளைவில் வைத்து எடுக்கிற முடிவு இல்லை.

ஜீப் அண்ணா, இருட்டுக்குப் பயந்தவங்க எங்கள் அறை. கேம்ப்பில் அவங்களை 'அவன்' என்று யாரும் சொல்லவில்லை, 'அவங்க'தான். முதல் ராத்திரி கரண்ட் போய்விட்டது. யாரும் கேட்கவில்லை, அவங்களும் சொல்லவில்லை, ஆனால் மூச்சு விடுகிற சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. குளியலறையிலிருந்து நீல பிளாஸ்டிக் வாளியை எடுத்து வந்தோம். டார்ச்சை எரியவிட்டு அதன் மேல் கவிழ்த்தோம். அறை முழுக்க நீலம், மீன் தொட்டிக்குள் படுத்திருக்கிற மாதிரி. மூன்று ராத்திரியும் அப்படித்தான் தூங்கினோம். வாளியை மட்டும் காலையில் குளிக்கப் போகிறவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

நீங்கள் ஆகட்டும்மா என்று சொன்னது நடந்திருக்கிறது அண்ணா.

பாம்பாறு:

வாளையார், எட்டு மணி நேரம், விலா எலும்பு எல்லாம் எனக்கும் தெரியும். முதல் நாள் வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள், நான் நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். தெரிந்துகொண்டேதான் கிளிப் மாட்டினேன். அவன் கேட்டான், மாட்டினேன். திரும்பக் கேட்டால் என்ன செய்வேன் என்று இப்போதும் தெரியவில்லை.

வாளையார்:

பட்டியலில் எழுத வேண்டும் என்றதையாவது ஒத்துக்கொள்ளுங்கள். மற்றது சரி. செக்போஸ்ட் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஜீப்காரன்:

வாளி விஷயம் எனக்குத் தெரியாது. நல்லது.

அந்தம்மாவுக்கு என்ன எழுதுவது என்று ரெண்டு நாள் யோசித்தேன். அவன்னு போடவும் வரலை, அவங்கன்னு போட்டால் அந்தம்மா யாரோன்னு நினைச்சுக்குவாங்க. கடைசியில் இப்படிப் போட்டேன்: "டிசம்பர்ல இருக்கும்னு பேசிக்கறாங்கம்மா. நான் சார் இல்லம்மா, ஜீப் டிரைவர். அது என்ன கேம்ப்புன்னு உங்க பிள்ளைகிட்டயே ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்க. லைட் போட்டு வெச்சிருந்தாங்க."

அனுப்பிய பிறகுதான் அந்தப் பிள்ளையைக் கேட்காமல் அனுப்பிவிட்டோமே என்று உறைத்தது. அழிக்கப் போனேன். அதற்குள் ரெண்டு டிக்கும் நீலமாகிவிட்டது.