ஹிமாச்சல் பிரதேசம் கின்னௌர்ல பார்த்த பைன் மரம், பட்டை உரிஞ்சு திட்டுத்திட்டா இருக்கு, என்ன மரம்?

கேள்வி: கின்னௌர்ல ரெக்காங் பியோ ஊர் பக்கம் போயிருந்தோம், அங்க ஒரு பைன் மரம், பட்டை செதில் செதிலா உரிஞ்சு உள்ள சாம்பலும் வெளிர்பச்சையுமா தெரியுது, மிலிட்டரி சட்டை மாதிரி. தேவதாருன்னு டிரைவர் சொன்னார், எனக்கு நம்பிக்கை இல்ல. யாருக்காவது தெரியுமா?

பதில் 1: தேவதாரு இல்லங்க, நீங்க சொல்ற பட்டையை வச்சே சொல்லிடலாம், இது சில்கோசா பைன். ஊசி இலையை எண்ணிப் பார்த்தீங்களா? ஒரு கொத்துக்கு மூணு இருக்கும். அதே மலைல இருக்குற நீல பைனுக்கு அஞ்சு.

பதில் 2: ஆமா அதேதான், அறிவியல் பேர் பினஸ் ஜெரார்டியானா. கடைல சில்கோசான்னு விக்குற பருப்பு இந்த மரத்தோட விதைதான், ரெண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒல்லியா பிரவுன் கலர்ல இருக்கும். ஆப்கானிஸ்தான் கிழக்குல இருந்து பாகிஸ்தான், நம்ம வடமேற்கு இமயமலை வரைக்கும்தான் இயற்கையா வளருது, அதுவும் மழை கம்மியான வறண்ட சரிவுல.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி! சின்ன கன்னு ஒண்ணுகூட கண்ணுல படலயே, ஏன்?

பதில் 2: அதான் எனக்கும் கவலை. விதை இருக்குற கூம்பு விரியறதுக்கு முன்னாடியே பருப்புக்காக பறிச்சுடறாங்க, விதை மண்ணுக்கு வர்றதே இல்ல. கூம்பு முத்த ரெண்டு வருஷம் ஆகும், கிளையோட வெட்டினா அடுத்த வருஷத்துக்கான பிஞ்சும் சேர்ந்து போயிடும். மரத்துக்கு நாலஞ்சு கூம்பாவது விட்டு வைக்கணும்ங்க.