கீழத்தெரு வாய்க்கால் குழு: ட்ரோன் படத்தில் தெரிந்த மூன்று இடங்கள்

சனிக்கிழமை

பாலு, 9:42: எல்லோருக்கும் வணக்கம். வாய்க்காலை அடைக்கிற வெங்காயத் தாமரைச் செடி எங்கே மிச்சம் இருக்கிறது என்று பார்க்க இன்று காலை ட்ரோனில் எடுத்த படம் இது. தலைப்பு மதகு முதல் கடைமடை வரை நம் வாய்க்கால் முழுவதும் இருக்கிறது. 60 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டு எடுத்த 260 படங்களை ஒன்றாக ஒட்டியிருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள், மாடு கட்டுகிற முளைக்குச்சிகூடத் தெரியும்.

இளங்கோ மாமா, 9:50: பார்த்தேன் தம்பி. வாய்க்கால் முக்கால்வாசி காய்ந்துதானே கிடக்கிறது? ஐப்பசியில் எடுத்திருந்தால் வெங்காயத் தாமரை அடைத்துக்கொண்டு நிற்பது நன்றாகத் தெரிந்திருக்குமே.

பாலு, 9:56: அதனால்தான் மாமா இப்போதே எடுத்தேன். ஐப்பசியில் எங்கே பார்த்தாலும் பச்சை, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இந்த வெயிலில் தண்ணீர் தேங்கிய இடத்தில் மட்டும்தான் செடி உயிரோடு இருக்கிறது. சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன் பாருங்கள். மதகுக்குக் கீழே உள்ள பள்ளம், ஐயனார் குளம் வாய்க்காலோடு சேரும் மூலை, அப்புறம் பாலத்தடிக் குழாய். மூன்றே இடம். ஜூன் 12 மேட்டூர் திறந்து நமக்குத் தண்ணீர் வந்ததும் இந்த மூன்றிலிருந்துதான் மிதந்து இறங்கும். வெயிலும் தண்ணீரும் வாகாக இருந்தால் இரண்டு வாரத்தில் ஒன்று இரண்டாகிவிடும்.

பெரியப்பா, 10:03: போன வருஷம் தூர்வாரியவர்கள் பாலத்தடியில் மட்டும் அள்ளிவிட்டுப் போனார்கள். அள்ளியதையும் கரையிலேயே போட்டார்கள். முதல் மழைக்கு மறுபடி வாய்க்காலுக்குள் வந்துவிட்டது. கார்த்திகையில் தண்ணீர் வடியாமல் எனக்கு மூன்று மா நிலத்துச் சம்பா நெல் அழுகிப்போனது. மேலே குளத்து மூலையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செல்வி அத்தை, 10:11: பாலு, படம் எடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் காலையில் படித்துறையில் நாங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே அது வந்து நின்றது. பெண்பிள்ளைகள் துணியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

பாலு, 10:14: தவறு என்னுடையது அத்தை, மன்னித்துவிடுங்கள். படித்துறை வரும் படங்களை அழித்துவிட்டேன், ஒட்டிய படத்திலும் அந்த இடம் வெள்ளையாகத்தான் இருக்கும். இனி முதல் நாள் இரவே இங்கே சொல்லிவிட்டு, குளிக்கிற நேரம் முடிந்த பிறகே பறக்கவிடுகிறேன்.

செல்வி அத்தை, 10:15: சரி. எட்டரைக்கு மேல் என்றால் யாரும் இருக்க மாட்டோம்.

பாலு, 10:16: எட்டரை நல்ல நேரம்தான் அத்தை. உச்சி வெயிலில்தான் எடுக்கக் கூடாது. சூரியன் தண்ணீரில் பட்டு நேராகக் கேமராவில் அடிக்கும், எல்லாம் வெள்ளையாகிவிடும்.

வாத்தியார் ஐயா, 10:24: செயற்கைக்கோள் படம் இலவசமாகவே கிடைக்கிறதே தம்பி. சென்டினல் 2 இருக்கிறது. அதில் பார்த்தால் போதாதா?

பாலு, 10:29: வடுவூர் ஏரி மாதிரி பெரிய நீர்நிலைக்கு அது போதும் ஐயா. ஐந்து நாளுக்கு ஒரு படம் வருகிறது. இலை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும், தண்ணீர் அதை விழுங்கிவிடும். அதை வைத்துப் பச்சை எங்கே, தண்ணீர் எங்கே என்று பிரித்துவிடலாம். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். நம் வாய்க்கால் அகலமே நான்கு மீட்டர்தான். கரைப் புல்லும் வயலும் வாய்க்காலும் ஒரே புள்ளியில் கலந்துவிடும். ட்ரோன் படத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்.

பெரியப்பா, 10:33: ஐயனார் குளத்தில் அல்லியும் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

கவிதா, 10:40: அதைப் பார்க்கத்தான் நானும் பாலுவும் நேரில் போனோம் பெரியப்பா. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை. கிட்டே போனால் அல்லி இலை தண்ணீரோடு ஒட்டிப் படுத்திருக்கிறது, வெங்காயத் தாமரை நிமிர்ந்து நிற்கிறது. அதில் ஒரு செடியை எடுத்து வந்து பிள்ளைகளுக்குக் காட்டினேன். தண்டு வெங்காயம் மாதிரி உப்பியிருந்தது. கத்தியால் கீறினால் உள்ளே பஞ்சு, பூராவும் காற்று. வேர் கருநீலத்தில் கோழி இறகு போலத் தொங்கியது. பக்கத்தில் ஒரு கொடி ஓடி அதன் நுனியில் விரலளவு குட்டிச்செடி. இழுத்ததும் இன்னொரு குட்டியும் கூடவே வந்தது.

இளங்கோ மாமா, 10:44: இத்தனை பாடு எதற்கு? மருந்து அடித்துவிட்டால் கருகிவிடுமே.

வாத்தியார் ஐயா, 10:51: வேண்டாம் இளங்கோ. கருகியது அப்படியே மூழ்கி அழுகும், தண்ணீரில் இருக்கிற பிராணவாயு போய்விடும், மீன் செத்து மிதக்கும். மாடு குடிக்கிற தண்ணீர் அது. மூன்றே இடம் என்று தெரிந்த பிறகு கையாலேயே எடுத்துவிடலாம். ஆனால் சேற்றில் விதை கிடக்கிறது, 20 வருஷம்கூட உயிரோடு இருக்கும். ஒரு தடவை எடுத்ததோடு விட்டுவிட முடியாது.

பாலு, 10:55: ஆமாம் ஐயா. தண்ணீர் வந்த மூன்றாவது வாரம் இந்த மூன்று இடத்துக்கு மேல் மட்டும் மறுபடி பறக்கவிட்டு, புதிதாக முளைத்ததைப் பிஞ்சிலேயே எடுக்க வேண்டும்.

இளங்கோ மாமா, 10:58: சரி, அப்படியே செய்வோம். மேற்குக் கரையில் மஞ்சள் கோடு என்ன?

பாலு, 11:00: நெய்வேலிக் காட்டாமணக்கு, மாமா. அதை இப்போது தொட வேண்டாம். வெட்டிய தண்டு தண்ணீரில் விழுந்தால் போகிற இடத்தில் வேர் பிடிக்கும். தனியாக ஒரு நாள் வேரோடு தோண்டுவோம்.

பெரியப்பா, 11:20: நாளைக் காலை ஆறு மணிக்கு மதகில் கூடுவோம். மேலிருந்து கீழே வர வேண்டும், பாலத்தடி கடைசி. கயிறும் மூங்கிலும் நான் கொண்டு வருகிறேன். அள்ளியதைக் கரையில் போடாமல் களத்து மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். பெரும்பகுதி தண்ணீர்தான், நாலு நாள் வெயிலில் சுண்டிவிடும்.

செல்வி அத்தை, 11:26: மகளிர் குழுவிலிருந்து எட்டுப் பேர் வருகிறோம். டீயும் வருகிறது.

பெரியப்பா, 12:05: குளத்துக் குத்தகைக்காரரிடம் பேசிவிட்டேன். தெற்குக் கரை வழியாக டிராக்டர் போகலாம், மீன் குஞ்சு விட்ட பக்கம் மட்டும் இறங்க வேண்டாம் என்றார். பாலு, அந்தப் பக்கம் எது என்று படத்தில் குறித்துப் போடு.

பாலு, 12:09: குறித்துவிட்டேன் பெரியப்பா. நீலக் கட்டம்.