டிவிடி எழுதியதும் வெரிஃபை ஓடினால் போதுமா, செக்சமும் வேண்டுமா?

ஸ்டுடியோக்காரன்:
கல்யாண போட்டோ, வீடியோவை டிவிடியில் எழுதிக் கொடுப்பது என் தொழில். எழுதும்போதே, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் வெரிஃபைக்கு டிக் போட்டுவிடுவேன். அது ஓடி முடிந்தால் தட்டை உறையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் எம்டி5 என்ற செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறியீடு, எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். உள்ளடக்கம் மாறினால் குறியீடும் மாறிவிடுமாம். டிரைவுக்குள்ளேயே பிழை திருத்தம் இருக்கிறது, திருத்த முடியாவிட்டால் படிக்க முடியவில்லை என்று அதுவே சொல்லிவிடும். அப்புறம் எதற்கு இன்னொரு வேலை?

வட்டுக்காப்பு:
வெரிஃபை எதோடு ஒப்பிடுகிறது என்று பாருங்கள் அண்ணா. ஹார்டு டிஸ்கில் இருக்கும் கோப்போடு. அந்தக் கோப்பே கெட்டிருந்தால்? எனக்கு நடந்தது. கேமரா கார்டிலிருந்து நகல் எடுக்கும்போதே ஒரு படம் கெட்டிருக்கிறது. திறந்தால் மேல்பாதியில் மணப்பெண்ணின் முகம், கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. ஹார்டு டிஸ்கிலும் அதே பட்டை, தட்டிலும் அதே பட்டை, வெரிஃபை ‘சரி’ என்றது. கார்டை அதற்குள் அழித்துவிட்டேன். கார்டில் இருக்கும்போதே செக்சம் எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இன்னொன்று. ஆறு வருடம் கழித்து அந்த ஹார்டு டிஸ்க் இருக்காது. ஒப்பிட வேறு எதுவும் மிஞ்சாது, அந்தச் செக்சம் பட்டியல் ஒன்றைத் தவிர.

பெங்குவின்பிரியன்:
செக்சத்தை நான் நம்புவதில்லை. தட்டில் எழுத வேண்டிய எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிய இமேஜுக்கு ஒரு எம்டி5, எழுதிய டிவிடியை முழுசாகப் படித்தால் வேறொரு எம்டி5. ஆனால் எல்லாக் கோப்பும் ஒழுங்காகத் திறக்கிறது. நல்ல தட்டைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

வட்டுக்காப்பு:
தட்டில் குறை இல்லை, படித்த அளவில்தான் குறை. டிவிடியில் 2048 பைட் கொண்ட துண்டு ஒரு செக்டர். 16 செக்டர், அதாவது 32,768 பைட், ஒரே தொகுதியாக எழுதப்படும். இமேஜ் நடுவில் முடிந்தால் மீதியிடம் பூஜ்யத்தால் நிரம்பும். அந்தப் பூஜ்யங்களையும் சேர்த்துப் படித்திருக்கிறீர்கள். இமேஜின் பைட் அளவை 2048ஆல் வகுத்து, வரும் எண்ணிக்கை செக்டர்களை மட்டும் லினக்ஸின் டிடி (dd) கட்டளையில் படியுங்கள், பொருந்தும். அதற்கு முன் தட்டை ஒருமுறை வெளியே எடுத்துப் போடுங்கள். இல்லையென்றால் தட்டுக்குப் பதில் நினைவகத்தில் தங்கியதையே படித்துவிட வாய்ப்புண்டு.

பெங்குவின்பிரியன்:
பொருந்திவிட்டது. மூன்று தட்டையும் பார்த்துவிட்டேன்.

ஸ்டுடியோக்காரன்:
சரி, கார்டு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தட்டு மெல்லக் கெட்டுக்கொண்டிருப்பதை உங்கள் எம்டி5 காட்டுமா? டிரைவ் திருத்திக் கொடுக்கும் வரை அதுவும் பொருந்திக்கொண்டேதான் இருக்கும். கெட்ட பிறகு கெட்டது என்று சொல்வதால் என்ன லாபம்? மீட்டுத் தராதே.

வட்டுக்காப்பு:
காட்டாது, உண்மைதான். அதற்குப் பிழை எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த 8 ஈசிசி தொகுதிகளில் (மேலே சொன்ன 16 செக்டர் தொகுதிதான்) பிஐ பிழை, அதாவது டிரைவ் திருத்தத்தின் முதல் கட்டத்தில் பிடிக்கும் பிழை, 280ஐத் தாண்டக் கூடாது என்பது டிவிடி தரநிலை. எண்ணிக் காட்டும் டிரைவ் எல்லோரிடமும் இல்லை. மீட்பதற்கு டிவிடிசாஸ்டர் (dvdisaster) என்ற மென்பொருள் இருக்கிறது. 4.7 ஜிபி தட்டில் 4 ஜிபி மட்டும் வைத்து, மிச்சத்தில் திருத்தத் தகவலை எழுதலாம்.

ஸ்டுடியோக்காரன்:
அதற்கு மாட்டேன். தட்டு நிரம்பும்படிதான் வீடியோ வரும், பார்ட்டியிடம் குறைக்கச் சொல்ல முடியாது. அதற்குப் பதில் வேறு கம்பெனித் தட்டில் இரண்டாவது பிரதி எழுதி, வேறு டிரைவில் படித்துப் பார்த்துக் கொடுப்பேன். கார்டிலேயே செக்சம் எடுப்பதை மட்டும் இந்த முகூர்த்தத்திலிருந்து தொடங்குகிறேன். பட்டியலைத் தட்டிலும் வைத்து, அச்செடுத்து உறைக்குள்ளும் வைக்கலாமா?

வட்டுக்காப்பு:
தட்டில் வையுங்கள், கடைக் கணினியிலும் ஒரு நகல் வையுங்கள். அச்சு வேண்டாம். 32 எழுத்தை யார் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள்?