புதுப்பிப்பு: 1776 அரை டாலர் நோட்டு அசல்தான்

பிப்ரவரி 17, 1776 தேதியிட்ட அரை டாலர் காண்டினென்டல் நோட்டு (அமெரிக்க விடுதலைப் போர்க் காலக் காகிதப் பணம்) அசலா, நினைவுப்பொருள் கடை நகலா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. அசல் தாளில் இருக்கவேண்டிய அபிரகத் (மைக்கா) துகள்கள் உள்ளே மினுங்கின. உருப்பெருக்கியில், அதேபோல் அசலுக்கு அடையாளமான நீல இழைகளும் தெரிந்தன. கையொப்ப மை பழுப்பேறி, 13 வளையங்கள் உள்ள பின்பக்கம் வரை ஊறியிருக்கிறது. நகலில் கையொப்பமும் வெறும் அச்சுதான். எடை பார்க்கும் யோசனை பயன்படவில்லை. என்னிடம் இருப்பது சமையலறைத் தராசு.

எதிர்பாராதது ஒன்று: நடு மடிப்பில் வரிசையாக ஊசித் துளைகள். கிழிந்த நோட்டை யாரோ நூலால் தைத்துப் புழங்கியிருக்கிறார்கள். நூல் போய்விட்டது, துளைகள் மிச்சம். நேரில் பார்த்த வணிகரும் அசல் என்றார். துளைகளால் விலை குறையுமாம். நான் விற்பதாக இல்லை.